நான்கு வெளிச்சம், மூன்று ரத்தினம்

ஏப்ரல் தொடக்கத்தில் அக்கா பையன் போனுக்கு ஒரு படம் அனுப்பினான். கூடவே ஒரு வரி: "சித்தி, இதுல என்னென்ன ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிங்க. புக்கைத் திறக்கக் கூடாது."

அவன் கல்லூரியில் முதல் வருடம். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் மேல் பைத்தியம். எனக்கு வேறு பைத்தியம். பாரிமுனையில் ஒரு க்ளியரிங் ஆபீஸில் நாள் முழுக்கப் பில்லும் டூட்டியுமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பிறகு, ராத்திரி ஏதாவது ஒரு படத்தை எதிரில் வைத்து, அதில் எது எதற்காக இருக்கிறது என்று நோட்டில் எழுதுவேன். சர்ச் கண்ணாடி, பழைய காலண்டர், தீப்பெட்டி லேபிள் என்று இரண்டு வருடமாக ஓடுகிறது. ஒரு ரசிகர் வரைந்த மாயக்கதைப் படத்தை இதுவரை எடுத்ததில்லை. டோல்கீனின் அந்த மோதிரக் கதையை எப்போதோ படித்திருக்கிறேன். இந்தப் படம் அதற்கும் முந்தைய காலத்துக் கதை என்பது வரைக்கும்தான் பையன் சொன்னான்.

படத்தில் இருப்பது இவ்வளவுதான். உயரவாக்கில் கருநீல வானம். நடுவில் ஒரு வெள்ளைக் கப்பல், கடலை விட்டு மேலே கிளம்பி, மூக்கை இடப்பக்கம் தூக்கி நிற்கிறது. வெள்ளிப் பாய், மேலே ஒரு கொடி, தங்கத் துடுப்புகள். அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், ஒரு ஆள், நெற்றியில் ஒரு வெளிச்சம். கீழேயிருந்து ஒரு பெரிய வெள்ளைப் பறவை அவனை நோக்கிப் பறந்து வருகிறது. அடியில் கடல், வலது மூலையில் மலைகள், மலையோரம் சிவப்பு. பாயின் நடுவில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சாய்சதுரம்.

போன் திரையில் எனக்குப் படம் பிடிபடாது. ஆண்டர்சன் தெருப் பக்கம் போகும் வேலை இருந்தது, வழியில் ஒரு கடையில் ஏ3 அளவில் ஆர்ட் பேப்பரில் பிரின்ட் போட்டு வாங்கினேன். 60 ரூபாய். என் முதல் தப்பு அங்கேதான் நடந்தது, ஆனால் அது தெரிய மூன்று வாரம் ஆயிற்று.

முதல் ஞாயிறு. நோட்டில் முதல் வரியாக "பெலிக்கன்" என்று எழுதினேன். பறவையின் நெஞ்சில் ரோஜா நிறத்தில் ஒரு பொட்டு, சுற்றிலும் சிவப்பு கசிவது மாதிரி. ராயபுரத்தில் வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? இங்கே ஊர்ப் பெயரிலேயே இராயப்பர், அதாவது புனித பேதுரு, இருக்கிறார். தோழிகளோடு சின்ன வயதில் போன ஒரு கோவிலில், பீடத்து மரப்பலகையில் ஒரு பறவை தன் நெஞ்சைத் தானே கொத்தி, குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டும். தாய்ப் பெலிக்கன் அப்படிச் செய்யும் என்பது ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை. கிறிஸ்துவின் தியாகத்துக்கு அடையாளமாக அதை வைத்தார்கள். நிஜத்தில் கூழைக்கடா அப்படியெல்லாம் செய்யாது. எண்ணூர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன், மீனை விழுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். டோல்கீன் கத்தோலிக்கர் என்பதும் எனக்குத் தெரியும். கணக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது. இரண்டு பக்கம் எழுதி, பையனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"தப்பு. ஆனா அழகான தப்பு" என்று பதில் வந்தது.

எர்வின் பனோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்றாசிரியர் 1939-இல் ஒரு ஒழுங்கு சொல்லியிருக்கிறார். முதலில் பெயர் வைக்காமல், கண்ணில் படுவதை மட்டும் எழுது. பிறகு அது எந்தக் கதை, யார் யார் என்று பார். அதற்கும் பிறகுதான் இந்த ஆள், இந்தக் காலத்தில், இப்படி ஏன் வரைந்தான் என்று கேள். என் நோட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறேன். அப்படியிருந்தும் "வெள்ளைப் பறவை, நெஞ்சில் சிவப்பு" என்று எழுத வேண்டிய இடத்தில் பெலிக்கன் என்று எழுதிவிட்டேன். பெலிக்கன் என்று எழுதிய பிறகு கண் அலகைப் பார்க்கவே இல்லை. அலகு குட்டையாக, கூர்மையாக இருந்தது. பெலிக்கனுக்கு அந்த அலகா?

சரி என்று அடுத்த வாரம் பெயரே எழுதாமல், வெளிச்சங்களை மட்டும் எண்ண உட்கார்ந்தேன். ஒன்று, நெற்றியில். மலையோரச் சிவப்பு சூரியாஸ்தமனம், அது கணக்கில் வராது. கடலுக்குள் ஒரு வெளிச்சம் தெரிந்தது, நிலாவின் பிரதிபலிப்பு என்று விட்டேன். விட்ட பிறகுதான் உறைத்தது: படத்தில் நிலாவே இல்லை.

மறுபடி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நிலா தண்ணீரில் விழுந்தால் நம்மை நோக்கி நீளமாக ஒரு வெள்ளிப் பாதை போடும். காசிமேட்டுக் கரையில் பௌர்ணமியன்று நின்றவர்கள் யாரும் அதை மறக்கமாட்டார்கள். இங்கே அப்படி இல்லை. வட்டமான ஒரு இடம், அதிலிருந்து கதிர்கள் மேல்நோக்கி வருகின்றன, அலையின் அடிவயிறு பச்சையாகத் தெரிகிறது. விளக்கு தண்ணீருக்குள் இருக்கிறது.

அப்புறம் அந்த மலை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கினால் மலையின் முன்பக்கம் கறுத்துப்போகும். இங்கே முன்பக்கப் பாறைகளின் அடிப்பாகம் சிவந்திருக்கிறது, முகடு கறுப்பாக இருக்கிறது. வெளிச்சம் வருவது ஒரு பிளவுக்குள்ளிருந்து. பூமிக்குள் நெருப்பு.

ஆக நெற்றியில் ஒன்று, கடலில் ஒன்று, மண்ணில் ஒன்று. பையனிடம் சொன்னதும் அவனால் அடக்க முடியவில்லை, போன் பண்ணியே கதையைச் சொல்லிவிட்டான். சில்மரில் என்று மூன்று ரத்தினங்கள். ஃபேயனோர் என்பவன் செய்தது. உலகத்தையே அடித்துக்கொள்ள வைத்தவை. கடைசியில் ஒன்று வானத்துக்குப் போயிற்று, ஒன்றை மாக்லோர் கடலில் வீசினான், ஒன்றோடு மைத்ரோஸ் நெருப்புப் பிளவில் குதித்தான். வானத்துக்குப் போனதைத்தான் எயாரெண்டில் என்ற மாலுமி நெற்றியில் கட்டிக்கொண்டு, விங்கிலோட் என்ற கப்பலில் நட்சத்திரமாக ஓட்டிப் போகிறான். நம் ஊர் வெள்ளிதான் அது. விடியலிலும் அந்தியிலும் தெரிகிற கிரகம். சூரியனை விட்டு ஏறக்குறைய 47 டிகிரிக்கு மேல் விலகாது, அதனால்தான் நடுராத்திரி உச்சியில் பார்க்க முடிவதில்லை. அஸ்தமனம் என்று நான் நினைத்ததில் அந்தளவுக்கு நியாயம் இருந்தது.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பெயரே டோல்கீன் புதிதாகச் செய்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் ஒரு கிறிஸ்தவப் பாட்டில் 'எயாரெண்டெல்' என்று ஒரு சொல் வருகிறது, ஒளி மிகுந்தவனே என்று கூப்பிடுவது போல. அந்தச் சொல் மனதில் ஒட்டிக்கொண்டு, 1914-இல் அதை வைத்து ஒரு கவிதை எழுதினார். முழுக்கதை அச்சில் வந்தது அவர் 1973-இல் இறந்து நான்கு வருடம் கழித்து, மகன் தொகுத்து 1977-இல். கீழ்வீட்டு ஆயாவிடம் இதைச் சொன்னேன். அவர்கள் தினமும் மாதா பிரார்த்தனை சொல்கிறவர்கள். "அதான் நாங்க சொல்றமே, விடியற்காலத்தின் விண்மீனேன்னு" என்றார்கள், பெரிய விஷயமே இல்லாத மாதிரி, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

மூன்று ரத்தினம், மூன்று வெளிச்சம். முடிந்தது என்று நோட்டை மூடினேன். பையன்தான் மறுபடி கிளறினான். "பறவை நெஞ்சுல இருக்கறது?"

"அது ரத்தம்."

"சித்தி, அது வெள்ளையா இருக்கு."

போனை எடுத்துப் பிரின்ட் பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது. திரையில் அந்தப் பொட்டு கிட்டத்தட்ட வெள்ளை, ஓரத்தில் லேசாக மஞ்சள். பிரின்டில் ரோஜா. பறவை மட்டும் இல்லை, பாய், நுரை, ஆளின் முகம் எல்லாமே ஒரு நூல் மெஜந்தா பக்கம் சாய்ந்திருந்தது. மூன்று வாரமாக நான் படித்தது ஓவியரின் நிறத்தை இல்லை, பிரின்டர் மையை. கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை. வாங்கும்போதே திரையோடு ஒப்பிட்டிருக்க வேண்டியது நான். தியாகம், ரத்தம், பெலிக்கன் எல்லாம் ஒரு மெஜந்தா கார்ட்ரிட்ஜில் முளைத்தவை.

ஆக வெளிச்சம் நான்கு, ரத்தினம் மூன்று. இந்தக் கணக்கு உதைத்தது.

மே மாதம் மாமாவைப் பார்க்கப் போனேன். அம்மாவின் தம்பி, காசிமேட்டில் படகு ரிப்பேர் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், லாஞ்சுகள் எல்லாம் கரையேறிக் கிடக்கும், மாமாவுக்கு அப்போதுதான் தலைக்கு மேல் வேலை. போட்டின் அடிவயிற்றில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தார். பிரின்டை விரித்துக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கதை கேட்கவில்லை, ஆள் யாரென்று கேட்கவில்லை. முதலில் கொடியைக் காட்டினார்.

"இன்னாமா இது, பாயி பின்காத்துல முன்னால உப்பிக்கினு கீது, கொடி மட்டும் பின்னால பறக்குது?"

எனக்கு வயிறு கலங்கியது. அந்தக் கொடியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். பின்னோக்கிப் பறக்கும் கொடி, விட்டு வந்த ஊரைத் திரும்பிப் பார்க்கும் மாலுமியின் ஏக்கம் என்று. பின்னாலிருந்து அடிக்கும் காற்றில் பாய் முன்பக்கம் உப்பினால், கொடியும் முன்பக்கம்தான் பறக்கும். மோட்டார் போட்டில் என்றால், எதிர்க்காற்றை நாமே கிழித்துப் போவதால், கொடி பின்னால் ஓடும். அந்த ஓவியர் மோட்டார் போட்டைப் பார்த்துத்தான் கொடி போட்டிருக்க வேண்டும். அது குறியீடு இல்லை, கவனக்குறைவு. இதைக் கேட்ட பையன் விடவில்லை: "வானத்துல ஏது காத்து? மாயக் கப்பல்." மாமாவிடம் அதைச் சொன்னேன். "காத்தே இல்லன்னா பாயி எதுக்கு?" என்றார். ஒன்றரைப் பக்கத்தையும் அடித்தேன்.

போகும்போது மாமா இன்னொன்று சொன்னார். கப்பலின் அடியில் சொரசொரவென்று புள்ளி புள்ளியாக இருந்ததை நான் தூரிகை நடை என்று நினைத்திருந்தேன். "இது கொட்டலசு. இப்பதான் தண்ணிய விட்டு ஏறிக்கீது, இன்னும் சுரண்டல" என்றார். கடல் தண்ணீரில் கிடக்கும் கப்பலடியில் ஒட்டி வளர்கிற ஓட்டு உயிரி அது. சொல்லிவிட்டு, தான் சுரண்டிக்கொண்டிருந்த போட்டின் அடியைத் தொட்டுக் காட்டினார். விரல் நகம் அளவில், சின்னச் சின்னக் கூம்பாக, ஒன்றன்மேல் ஒன்று. கத்தி போட்டால் சிமென்ட் உடைவது போல சத்தம். வீட்டுக்கு வந்து திரையில் பெரிதாக்கினேன். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் ஒரு ஓட்டை, கூம்பின் வாய். அந்த ஓவியர் கொடியில் கோட்டை விட்டிருந்தாலும் இதைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்.

பெரிதாக்கியதில் இன்னொன்றும் மாட்டியது. கப்பலிலிருந்து சொட்டும் நுரைத்துளிகள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து இதழ். பூ. விங்கிலோட் என்றால் நுரைப்பூ என்று அர்த்தமாம். பெயரையே அடியில் சிந்த விட்டிருக்கிறார். இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி பன்னிரண்டரை வரை தூங்கவில்லை.

நான்காவது வெளிச்சத்துக்கு வழி திருவொற்றியூரில் கிடைத்தது. எங்கள் நைனா வருடா வருடம் மாசியில் மகிழடி சேவைக்குக் கூட்டிப்போவார். சுந்தரர் அங்கேதான் சங்கிலி நாச்சியாரைக் கல்யாணம் செய்து, பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். சத்தியத்தை மீறி ஊரைத் தாண்டியதும் கண் போயிற்று. அன்று சும்மா சாமி கும்பிடத்தான் போனேன். மரத்தடியில் நிற்கும்போது தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவர் ஞாபகம் வந்தது. கருவறையைச் சுற்றிய உள் நடையில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியம், 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தது. நான் பார்த்தது போட்டோவில்தான். அதில் சுந்தரர் வருவது ஒருமுறை மட்டும் இல்லை. ஓலையைக் காட்டி அடிமை என்று கிழவர் வழக்காடும் இடத்தில் இருக்கிறார், அதே சுவரில் வெள்ளை யானை ஏறிக் கயிலைக்கும் போகிறார். சுந்தரர் எத்தனை பேர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கதை ஓடுகிறது, ஆள் திரும்பத் திரும்ப வருகிறார், அவ்வளவுதான்.

அதே மாதிரி இங்கே ரத்தினம் இரண்டு தடவை வருகிறது. பறவை நெஞ்சில் இருப்பதும் மாலுமி நெற்றியில் இருப்பதும் ஒன்றே. முதலில் அவளிடம், பிறகு அவனிடம். "அவள்" என்று நான் சொன்னதும் பையன் சிரித்தான். பறவை, எயாரெண்டிலின் மனைவி எல்விங். ரத்தினத்துக்காக ஃபேயனோரின் மகன்கள் ஊரைத் தாக்கியபோது அதோடு கடலில் குதித்தாள். கடலின் தேவன் உல்மோ அவளை வெள்ளைப் பறவையாக்கித் தூக்கிவிட்டான். ராத்திரியில் பறந்து வந்து, கப்பல் பலகையில் மயங்கி விழுந்தாள். எயாரெண்டில் அந்தப் பறவையை நெஞ்சோடு வைத்துத் தூங்கினான். காலையில் பார்த்தால் பக்கத்தில் மனைவி, தலைமுடி அவன் முகத்தில் கிடக்கிறது.

நெருப்பிலும் கடலிலும் விழுந்த ரத்தினங்கள் கூட இதற்குப் பல காலம் கழித்துத்தான் விழுந்தன. கப்பல் முதன்முதலாக வானில் ஏறும்போது அந்த இரண்டும் ரத்தினங்களைத் திருடிய எதிரியின் கிரீடத்தில் இருந்தன. ஆக இந்தப் படத்தில் நடப்பது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கவே முடியாது. மனைவி வந்து சேர்ந்தது, கப்பல் ஏறியது, மற்ற இரண்டும் தொலைந்தது, மூன்று காலம் ஒரே தாளில்.

பாயில் இருந்த சின்னத்தை மறந்துவிட்டேன். முதலில் அதைக் காத்தாடி என்று எழுதினேன். வடசென்னைக்காரி கண்ணுக்குச் சாய்சதுரம் என்றால் வேறென்ன? மாஞ்சா தடை வந்தும் எங்கள் மொட்டை மாடிகள் திருந்தவில்லை. ஆனால் டோல்கீன் தன் பாத்திரங்களுக்குத் தானே முத்திரைகள் வரைந்திருக்கிறார், அதில் ஒரு விதி: ஆணுக்குச் சாய்சதுரம், பெண்ணுக்கு வட்டம். பாயில் சாய்சதுரம் வட்டத்துக்குள் இருக்கிறது. அவன் அவளுக்குள். பையன் இதை "சும்மா டிசைன்" என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாவற்றையும் குறியீடு என்று சொல்லி அடி வாங்கியவள்தான் நான், ஆனாலும் இதை விடமாட்டேன். அந்த விதி தெரியாத ஆள் இவ்வளவு சரியாக இரண்டு வடிவத்தையும் எடுத்திருக்க முடியாது.

ஜூன் மாதம் புத்தகத்தைத் திறக்க அனுமதி கிடைத்தது. பையனே பக்கம் பிரித்துக் கொடுத்தான், முகத்தில் ஒரு குறும்பு. எல்விங் பிறகு வடக்கே கடலோரம் ஒரு வெள்ளைக் கோபுரத்தில் இருந்தாள், பறவைகளின் மொழி கற்றாள், கணவனின் கப்பல் திரும்பும்போதெல்லாம் பறவையாகி எதிர்கொண்டு போவாள். அப்படிப் போகையில் அந்தி வெயில் பட்டு ரோஜா நிறமாகத் தெரிவாள் என்று எழுதியிருக்கிறது.

ரோஜா! என் மெஜந்தா பிரின்ட்.

"அப்ப நீங்க முதல்ல பார்த்ததுதான் சரியோ?" என்று பையன் வேண்டுமென்றே கேட்டான். யோசிக்க வைக்கிற கேள்விதான். இது கப்பல் திரும்பி வரும் காட்சி என்றால் நெஞ்சில் இருப்பது வெறும் வெயில், ரத்தினம் மூன்றோடு கணக்கு முடிந்துவிடும், சுந்தரர் தேவையில்லை. அரை மணி நேரம் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தேன். ஆனால் திரையில் ரோஜா இல்லை, வெள்ளைதான். அதோடு கொட்டலசு இருக்கிறதே. வானத்தில் ஓடிவிட்டு வீடு திரும்பும் கப்பலுக்கு அடியில் கொட்டலசு எங்கிருந்து வரும்? கடலை விட்டு இப்போதுதான் ஏறுகிறது. "தேவர்கள் புனிதமாக்கி அனுப்பின கப்பலைச் சுரண்டாமலா அனுப்புவாங்க?" என்று அவன் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் மாமா பக்கம்தான் என் ஓட்டு.

தடைக்காலம் முடிந்த வாரம் பிரின்டை மாமாவிடமே கொடுத்துவிட்டேன். ஷெட்டில், டீசல் கேன்களுக்கு மேலே மாட்டியிருக்கிறார். போன ஞாயிறு போனபோது கவனித்தேன், பழைய கொடிமேல் நீல பெயிண்டை அடித்து, முன்பக்கம் பறக்கிற மாதிரி புதிதாக ஒன்று வரைந்திருக்கிறார்.